ஆற்றுக்குப் போகும் வழி

ஒருவர் நிலம் வாங்குகிறார். பட்டா பெறுகிறார். வேலி போடுகிறார். அது அவர் உரிமை.

அந்த நிலத்தின் ஓரத்தில் ஓர் ஆறு ஓடுகிறது. அந்த ஆறும் அவருக்குச் சொந்தமா?

இல்லை!

பம்மலை அடுத்த அனகாபுத்தூர் ஓரமாக அடையாறு போகிறது. ஆதனூர் ஏரிப் பக்கம் பிறந்து, சுமார் 42 கிலோமீட்டர் ஓடி, சென்னையில் கடலில் கலக்கிறது. இன்று வீட்டு மனைகளும் மதில் சுவர்களும் அந்த ஆற்றை நெருங்கி வந்துவிட்டன. கரைக்குப் போக வழி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

ஆற்றுப் படுகை அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் சொல்லுகிறது. தனியாருடையது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றின் போக்கையே ஓர் ஓட்டல் திருப்பியது. அந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் தீர்ப்புக் கூறியது. ஆறும் கரையும் மக்களின் சொத்து. அரசாங்கம் அதைக் காவல் காப்பது மட்டுமே. தனியாருக்குத் தாரை வார்க்க முடியாது என்பது அதன் சாரம்.

தூண்டில்காரர்கள் பெற்ற வழி

அமெரிக்காவில் மான்டானா என்று ஒரு மாநிலம். அங்குள்ள ஆறுகளில் டிரவுட் மீன் பிடிக்கப் பலரும் வருவார்கள். ஆறுகள் பெரிய பண்ணைகளின் நடுவே ஓடுகின்றன. பண்ணைக்காரர்களுக்கும் தூண்டில்காரர்களுக்கும் ஓயாத தகராறு!

1985-ல் சட்டம் வந்தது. ஆற்றில் வழக்கமாக வெள்ளம் எட்டும் அளவுவரை யாரும் நடக்கலாம், மீன் பிடிக்கலாம். ஆனால் அனுமதி இல்லாமல் பண்ணை நிலத்தில் கால் வைக்கக் கூடாது. பொதுப் பாலத்தின் வழியாக இறங்கலாம் என்று 2009-ல் மற்றொரு சட்டம் சொன்னது. இரு தரப்புக்கும் நியாயம் கிடைத்தது.

நம் அடையாற்றில் டிரவுட் இல்லை. சாக்கடைதான் கலக்கிறது. பிறகு வழி எதற்கு என்று கேட்கலாம்.

கண்ணில் படாத ஆறு கவனிப்பாரற்றுப் போகும். குப்பை கொட்டினாலும், மண்ணைப் போட்டு மூடினாலும் கேட்க ஆள் இராது. 2015 டிசம்பர் 1-ந்தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்குச் சுமார் 29 ஆயிரம் கன அடி தண்ணீர் வந்தது. குறுகிப்போன ஆறு என்ன செய்யும்? வீடுகளுக்குள் புகுந்தது.

எல்லோருக்கும் ஒரே நீதி

2025 மே மாதம் அனகாபுத்தூரில் ஆற்றோரத்து ஏழைகளின் வீடுகள் இடிக்கப்பட்டன. ஆற்றுக்கு இடம் வேண்டும் என்றார்கள். அதே சட்டம் பெரிய மதில் சுவருக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? குடிசைக்கு ஒரு நீதி, மாளிகைக்கு ஒரு நீதி கூடாது.

தாம்பரம் மாநகராட்சியும் வருவாய்த் துறையும் ஆற்றின் இரு கரையையும் அளந்து எல்லைக்கல் நட வேண்டும். புது மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போதே கரைக்கு ஒரு பொதுப் பாதை கேட்டு வாங்க வேண்டும்.

மக்களுக்கும் வேலை உண்டு. 'அ' பதிவேட்டைப் பாருங்கள். எது பட்டா நிலம், எது புறம்போக்கு என்று அதில் இருக்கும். படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துச் சொல்லுங்கள். பாதையை யாராவது அடைத்திருந்தால் நாலு பேராகச் சேர்ந்து மனு கொடுங்கள்.

பட்டாக்காரரின் வேலி அவர் நிலத்தோடு நிற்கட்டும். ஆறு ஊருக்கு இருக்கட்டும்!