நடிப்பு இல்லை, தோழா!

2012 செப்டம்பர் 5-இல் சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பிறகு, வெடிச்சத்தம் கேட்டாலே மூச்சு முட்டுகிறவர்கள் எங்கள் தெருவில் உண்டு. எனக்கு அது வைவா அன்றைக்கு வரும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான்!

ஊரில் திருநீறு போடுவார்கள் (அதில் கெடுதல் ஒன்றுமில்லை). 'நடிக்கிறான்டா'ன்னு நாம சொல்றோமே, அதுதான் அநியாயம். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன்-டை-ஆக்சைடு குறைந்து விரல் மரத்துப்போகும், தலை சுற்றும்.

பேப்பர் கவரை வாயில் வைத்து ஊதச் சொல்லாதீர்கள். ஆஸ்துமாக்காரருக்கு அது ஆபத்து. நெஞ்சு வலித்தாலோ, முதல் தடவை என்றாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். மற்றபடி கூட்டம் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவா மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். மனசு விட்டுப் பேச அரசின் 14416 இருக்கு, காசு கிடையாது.