மருந்துக்குப் பழகுவது யார்?



மழை பிடித்துக்கொண்டதும் வீட்டுக்கு வீடு சளி, இருமல். "போன தடவை டாக்டர் எழுதினாரே, அதையே ரெண்டு நாளைக்குக் குடுங்க" என்று மருந்துக்கடையில் வாங்கி விழுங்குகிறோம். குறையாவிட்டால், "அந்த மாத்திரை என் உடம்புக்குப் பழகிப்போச்சு" என்கிறோம். பழகியது உடம்பு என்றால் கவலை நம் ஒருவரோடு முடிந்துவிடும். பழகுவது பாக்டீரியா என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பாக்டீரியாவைச் சுற்றி உறுதியான சுவர் ஒன்று உண்டு. அதைக் கட்டும் நொதியைப் பெனிசிலின் என்ற ஆன்டிபயாடிக் முடக்கிவிடும். சுவர் நலிந்து, உள்ளழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடித்துச் சாகும். நம் செல்களுக்குச் சுவர் இல்லை, அதனால் அவை தப்புகின்றன. வைரஸுக்கும் அப்படியொரு சுவர் கிடையாது. சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ்தான். அதற்கு எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காது. ஆனால் உடம்பில் இருக்கும் மற்ற பாக்டீரியாக்கள் அந்த மருந்தைச் சந்திக்கின்றன.

சந்தித்தால் என்ன ஆகும்? ஹார்வர்டு, டெக்னியான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட வீடியோவைப் பாருங்கள். நான்கு அடி நீளத்தில் கறுப்புத் தட்டு. இரு ஓரங்களிலும் மருந்தே இல்லை. உள்ளே போகப்போகப் பட்டை பட்டையாக வீரியம் ஏறி, நடுவில் முதல் மருந்துப் பட்டையைப்போல் ஆயிரம் மடங்கு. வெள்ளையாகப் பரவிவரும் பாக்டீரியா முதல் பட்டையின் விளிம்பில் அப்படியே நிற்கிறது. பிறகு எங்கோ ஒரு புள்ளியில், மரபணு மாறிய ஒன்று எல்லையைத் தாண்டி விசிறிபோல் விரிகிறது. அடுத்த எல்லை, மறுபடி ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு விசிறி. சுமார் 11 நாளில் நடுப்பகுதியும் வெள்ளை! பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

தப்பிய பாக்டீரியா, எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்து பாக்டீரியாவுக்கும் கைமாற்றும். அது வேறு இனமாக இருந்தாலும் சரி. இப்படி எதிர்ப்பு பரவினால் ஆபத்து சளி, இருமலோடு நிற்காது; மூட்டு மாற்று அறுவை, சிசேரியன், புற்றுநோய் சிகிச்சை எல்லாமே ஆன்டிபயாடிக்குகளை நம்பி நடப்பவை.

குறைந்த அளவில் மருந்து கொடுத்தால் கிருமி எதிர்ப்பு பெறும் என்று, பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-இல் நோபல் உரையிலேயே எச்சரித்தார். இந்த எதிர்ப்பைச் சமாளிக்க இந்திய மருத்துவ அமைப்புகள் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' கண்டது 2012-இல். 2014 முதல் 'எச்1' பட்டியல் ஆன்டிபயாடிக்குகளை விற்கும் கடைக்காரர், நோயாளி பெயரையும் மருத்துவர் பெயரையும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும்.

உங்கள் ஊர் மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு கேட்கிறார்களா? கேட்டால் நாம் கோபித்துக்கொள்கிறோமா? எழுதுங்கள். அடுத்த இதழில் உங்கள் கடிதங்களுக்குப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்