ஒரே விஷயத்துக்கு ரெண்டு பேரா? ஓப்பன் சோர்ஸ் மொழிபெயர்ப்பாளர்கள் புகார் சொல்வது ஏன்?

கீழ்க்கட்டளை வழியாகப் போகும் பெரிய சாலைக்கு 200 அடி ரோடு, ரேடியல் ரோடு, பல்லாவரம் - துரைப்பாக்கம் சாலை என மூன்று பெயர்கள். உள்ளூர்க்காரர் சமாளிப்பார், புதிதாக வருபவர் குழம்புவார். ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களின் உதவிக் குறிப்புகளிலும் இதே கதைதான்.

என்ன பிரச்சினை?

ஆங்கிலக் குறிப்பில் ஒரு வரியில் 'ஃபோல்டர்', அடுத்த வரியில் 'டைரக்டரி' என்று வரும். தமிழில் முதலாவது கோப்புறை, இரண்டாவது அடைவு. ரெண்டும் ஒன்றா, வேறா? மேலோட்டமாகப் படிப்பவருக்கு இது தெரியாது. வரிவரியாக மொழிபெயர்ப்பவர்தான் முதலில் முட்டிக்கொள்வார். குறிப்பில் ஒரு சொல், திரையில் வேறு சொல் என்றால், பயன்படுத்துபவர் இல்லாத பட்டனைத் தேடிக்கொண்டிருப்பார்.

தமிழில் மட்டும் சரிசெய்தால் போதாதா?

போதாது. மற்ற மொழிக்காரர்களும் அதே குழியில் விழுவார்கள். ஆங்கில மூலத்தையே திருத்த வேண்டும்.

உடனே திருத்திவிடலாமே?

அங்கேதான் சிக்கல். பல திட்டங்கள் பயன்படுத்தும் கெட்டெக்ஸ்ட் முறையில், மூலத்தில் ஒரு சொல் மாறினாலே பழைய மொழிபெயர்ப்பு 'ஃபஸ்ஸி' ஆகிவிடும். யாராவது சரிபார்க்கும் வரை அந்த இடத்தில் ஆங்கிலம்தான் தெரியும். சரிபார்ப்பவர்களோ பெரும்பாலும் தன்னார்வலர்கள்.

அதனால்தான் க்னோம் போன்ற திட்டங்கள், புதிய பதிப்பு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே வாசகங்களைப் பூட்டிவிடுகின்றன. அதற்கு முன் போய்ச் சேரும் ஒரு புகார், எல்லா மொழிகளுக்கும் சேர்த்துத் தீர்வு. தாமதமானால், பொதுவாக அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டியதுதான்.