தண்ணீர் குறைந்ததா, காற்று குறைந்ததா?

கேள்வி: ‘‘போர்வெல் பக்கத்தில் இருந்த கம்ப்ரசரை 300 அடி தள்ளி மோட்டார் ரூமுக்கு மாற்றிய பிறகு, தண்ணீர் குறைந்துவிட்டது. வாழை வாடுகிறது. போரை இன்னும் ஆழப்படுத்த வேண்டுமா?’’
- வாசகர், பல்லடம்.

பதில்: அவசரப்பட்டு போர் வண்டியைக் கூப்பிட வேண்டாம். குறைந்தது தண்ணீரா, காற்றா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

கம்ப்ரசர் அனுப்பும் காற்று, ஏர் பைப் வழியாக போருக்குள் இறங்கி, தண்ணீரோடு கலந்து அதை லேசாக்கி மேலே தள்ளுகிறது. ஏர் பைப் முனைக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு 33 அடி தண்ணீருக்கும் சுமார் 1 கிலோ அழுத்தம் தேவை. இடையில் உள்ள குழாய் தின்னும் அழுத்தம், இதற்கு மேல் கூடுதல் சுமை.

சோதனை எளிது. கம்ப்ரசர் டேங்கில் இருப்பதுபோல, போர் வாயில் ஏர் பைப் இறங்கும் இடத்திலும் ஒரு பிரஷர் கேஜ் பொருத்த வேண்டும். தண்ணீர் சீராக வரும்போது இரண்டையும் பார்க்க வேண்டும். டேங்கில் 6 கிலோ, போர் வாயில் 5 கிலோ என்றால், 1 கிலோவைக் குழாய் தின்கிறது. கம்ப்ரசர் சூடாகும், பெல்ட் வழுக்கும், சேஃப்டி வால்வு திறந்து காற்று வீணாகும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, அளவு முன்பைவிட இறங்கியிருந்தால், நீர்மட்டம் இறங்கியிருக்கிறது என்று பொருள். அப்போதும் போரில் ஆழம் மிச்சமிருந்தால், பைப்புகளைக் கூடுதலாக இறக்கிப் பார்த்த பிறகே ஆழப்படுத்துவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அழுத்தம் குறையாமல் தண்ணீர் மட்டும் குறைந்தால், கசிவையும் கம்ப்ரசரின் வால்வு, ரிங் தேய்மானத்தையும் பார்க்க வேண்டும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால், நுரை பொங்கும் இடம்தான் கசிவு.

குழாயில்தான் குறை என்றால், முதலில் பார்க்க வேண்டியது விட்டம். அதே அளவு காற்று அரை இஞ்ச் பைப்புக்குப் பதில் ஒரு இஞ்ச் பைப்பில் போனால், உராய்வு இழப்பு சுமார் 32-ல் ஒரு பங்காகிவிடும். முக்கால் இஞ்ச் போட்டாலே ஏழில் ஒரு பங்குதான். அரை இஞ்ச் எல்போ ஒன்று, சுமார் ஒன்றரை அடி நேர் குழாய்க்குச் சமம். எனவே நாலைந்து எல்போக்களால் பெரிய நஷ்டமில்லை. குறுகலான நிப்பிளும், பாதி திறந்த வால்வும்தான் காற்றை நெரிக்கும்.

குழாய் நடுவில் தொங்கினால், காற்றில் உள்ள ஈரம் அங்கே தண்ணீராகத் தேங்கி வழியை அடைக்கும். குழாயைச் சரிவாகப் போட்டு, தாழ்வான இடத்தில் ஒரு டிரெயின் வால்வு வைக்கலாம். டேங்கில் சேரும் தண்ணீரையும் தினமும் திறந்துவிட வேண்டும்.

ஒரே கம்ப்ரசரில் இரண்டு போர்களை ‘டீ’ போட்டு இணைத்திருந்தால், தனித்தனி வால்வு கட்டாயம். இரண்டையும் திறந்துவைத்தால், நீர் அழுத்தம் குறைவாக உள்ள போருக்கே காற்று ஓடிவிடும். முறை மாற்றி ஓட்டுவதுதான் சரி.

ஓர் எச்சரிக்கை: காற்றுக்கு பி.வி.சி குழாய் கூடாது. வெயிலில் நொய்ந்து வெடித்தால், சில்லுகள் ஆளைக் காயப்படுத்தும். அந்த அழுத்தத்துக்கு உரிய ஏர் ஹோஸ் அல்லது இரும்புக் குழாயே ஏற்றது. எந்த இணைப்பையும் கழற்றும் முன், காற்றை முழுவதும் வெளியேற்றிவிட வேண்டும்.

ஒரு கேஜுக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். போரை ஆழப்படுத்தும் செலவோடு ஒப்பிட்டால், அது ஒன்றுமே இல்லை.