ஆட்டு மூளையும் கண்ணாடிக் குடுவையும்

வாயில்லாச் சீவன்களிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்று கட்டுரை எழுதாத மாணவி இருக்கமாட்டாள். வெறிநாய் கடித்துவிட்டால் ஊசி போட்டுக்கொள்ள ஓடாதவரும் எவருமில்லை. அந்த மருந்து எங்கிருந்து வந்தது என்று மட்டும் நாம் கேட்பதில்லை. கேட்கத்தான் வேண்டும் என்பது எங்கள் கருத்து.

1885-ஆம் ஆண்டு லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குச் செலுத்திய மருந்து, முயல்களின் உலர்த்திய தண்டுவடத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1911-இல் டேவிட் செம்பிள் நம் நாட்டுக் கசௌலியில் வகுத்த முறைக்கோ ஆடுகள் தேவைப்பட்டன. ஆட்டின் மூளைக்குள் வைரசைச் செலுத்துவார்கள். நோய் முற்றி அது கால் மடங்கி விழும் நிலையில் கொன்று, மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் வைரசைச் செயலிழக்கச் செய்வார்கள். பெரியவர்கள் இன்றும் நடுக்கத்தோடு சொல்லும் 'தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி' இந்த மருந்துதான். 1907-இல் தொடங்கப்பெற்ற குன்னூர் பாஸ்டர் நிலையமும் பல்லாண்டுகள் ஆட்டு மூளையிலிருந்தே இதைத் தயாரித்தது. அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். அதை மறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயல். ஆயினும் ஆட்டு மூளையின் நரம்புப் பொருள் உடலுக்கு ஒவ்வாமல், ஊசி போட்டுக்கொண்ட சிலரையே வாதம் தாக்கியதும் உண்டு. ஆட்டுக்கும் கேடு, மனிதருக்கும் கேடு!

குன்னூர் நிலையம் தொடங்கிய அதே 1907-இல், அமெரிக்காவில் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை ஒரு துளி நிணநீரில் வைத்து, உடலுக்கு வெளியே அது வளர்வதைக் கண்டார். திசு வளர்ப்பு என்னும் கலை இவ்வாறு பிறந்தது. 1962-இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கு ஒன்றின் சிறுநீரகச் செல்களைப் பிரித்து வளர்த்தார்கள். 'பச்சைச் சிறுநீரகம்' என்பதற்கான எஸ்பெராந்தோ மொழிச் சொற்களைச் சுருக்கி அவற்றுக்கு 'வீரோ' என்று பெயரிட்டார்கள். அந்தக் குரங்கு என்றோ மறைந்துவிட்டது. அதன் செல்களோ இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன! ஊட்டநீரில், 37 பாகை வெப்பத்தில் வளரும் இச்செல்களில் வைரசைப் பெருக்கி, செயலிழக்கச் செய்து, தூய்மைப்படுத்தினால் தடுப்பு மருந்து கிடைக்கிறது. குன்னூரும் இம்முறைக்கு மாறியது. 2005-ஆம் ஆண்டிற்குள் ஆட்டு மூளை மருந்தை நாடே கைவிட்டது. இப்போது கையில் நான்கைந்து ஊசிகள், அவ்வளவே.

இரக்கமும் விஞ்ஞானமும் எதிரிகள் என்போருக்கு இதைவிட வேறென்ன விடை வேண்டும்? விலங்குக்குப் பதில் வேறு வழி தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்ற மூன்றையும் 1959-லேயே ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு ஆங்கிலேயர் நூலாக எழுதி வலியுறுத்தினர்.

அதற்காக, விலங்குச் சோதனை அனைத்தையும் இன்றே நிறுத்துக என்று முழங்க நாங்கள் தயாரில்லை. குடுவையிலுள்ள செல்லுக்குக் கல்லீரலும் இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை. ஒரு மருந்து முழு உடலில் என்ன செய்யும் என்பதை அது மட்டும் சொல்லிவிடாது. மேலும், செல் வளர்ப்பில் பெரிதும் பயன்படும் ஊட்டப்பொருள் ஒன்று, வெட்டப்படும் சினைப்பசுவின் வயிற்றுக் கன்றின் இரத்தத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. குடுவைக்குள் பாவமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அதைத் தவிர்க்கும் ஊட்டநீர்களும் வந்துவிட்டன. சற்றுச் செலவு கூடினாலும் அவற்றையே நாடவேண்டும்.

மற்றொன்று சுண்டெலி. வெறிநாய்க்கடி மருந்தின் வீரியத்தை அறிய, எலிகளுக்கு அதைப் போட்டு, பின்னர் அவற்றின் மூளையில் வைரசைச் செலுத்திப் பார்க்கும் பழைய சோதனை ஒன்று உண்டு. மருந்திலுள்ள வைரசின் மேலுறைப் புரதத்தைச் சோதனைக்கூடத் தட்டிலேயே அளக்கும் முறை உருவாகியிருக்கிறது. அது முற்றிலும் எலியின் இடத்தைப் பிடிக்கும் வரையிலாவது, நோய் முற்றிச் சாகும்வரை அந்த எலிகளை விட்டுவைக்காமல், வாதத்தின் முதல் அறிகுறி கண்டதுமே வலியின்றி முடித்துவிடலாம். அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. காலையும் மாலையும் கூண்டருகே சென்று கவனமாகப் பார்க்க ஓர் ஆள் போதும்.