வேலிக்குக் கீழே

ஒரு முழ நிலத்துக்காக அயலவர்மீது வழக்காடத் தயங்காத நாம், வேலிக்குக் கீழே கிடக்கும் நீரைப்பற்றி எண்ணினோமா?

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லில் இறங்கித் தேங்கும் மாரிமழையே நமது கிணற்று நீர். அது உறுதிக்கும் எல்லைக்கும் கட்டுப்படுவதன்று. ஒருவர் வளவின் மலசலகூடக் குழிக் கசிவும், மற்றவர் தோட்டத்தில் அளவுமீறி இட்ட யூரியாவும் இருவர் கிணற்றிலும் நைத்திரேற்றாய்ச் சேர்கின்றன. காய்ச்சினாலும் அது நீங்காது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த அளவு. மிஞ்சினால், அந்நீரிற் கரைத்த புட்டிப்பால் பச்சிளங் குழந்தையின் உயிருக்கே ஊறு செய்யும்.

பிரதேச சபைகள் ஊர்க் கிணறுகளைச் சோதித்து, முடிவை மக்களறிய வெளியிடல் வேண்டும். கமக்காரரும் உத்தியோகத்தரும் ஒருங்கிருந்து அதனைக் கேட்டுப் பெறுவாராக. வேலி வழக்குப் பொறுக்கும், கிணறு பொறுக்காது.