பொது என்னும் சொல்லும் ஒருநாட் பஸ் பயணமும்

கடந்த தவணையிலே எமது சங்கத்தின் கூட்டமொன்றில், சக மாணவர் ஒருவர் கொழும்பு நகரை ஒரு நாள் முழுவதும் பஸ் வண்டியிலே சுற்றிப் பார்த்த தமது அனுபவத்தைச் சுவைபட எடுத்துரைத்தார். முந்நூறு ரூபாவுக்குள் ஒரு தலைநகரையே கண்டுவிடலாம் என்பதும், பஸ்ஸின் நெரிசலும் இரைச்சலும் உரத்த பாட்டுங்கூட அப்பயணத்தின் இன்பங்களே என்பதும் அவரது பேச்சின் சாரமாக இருந்தன. அவையோர் கைதட்டினர், நானும் தட்டினேன். ஆயினும், விடுதிக்குத் திரும்பிய பின்னர் ஒரு வினா மனத்தை உறுத்திக்கொண்டேயிருந்தது. நண்பர் பெற்ற மலிவு யாருடைய செலவிலே பெறப்பட்டது?

அவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு, விடுமுறையிலே நானும் என் தோழி ஒருத்தியும் ஏறத்தாழ அதே வழியிலே ஒரு நாட் பயணம் செய்தோம். இக்கட்டுரை அப்பயணத்தின் வருணனை அன்று. நண்பரின் கருத்துக்கு ஒரு மறுப்பாகும்.

முதலில், அவர் கூற்றிலே உண்மையானதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். நகரை அறிய விரும்புவோனுக்கு பஸ்ஸைவிடச் சிறந்த ஆசான் இல்லை. மட்டக்குளியிலே புறப்படும் 155 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால், கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய வீதிகளும் தோட்ட வீடுகளும் முதலிலே வருகின்றன. நகரின் நடுப்பகுதியைக் கடந்து வெள்ளவத்தையை அடையும்போது அடுக்குமாடிகளும் புடைவைக் கடைகளும் நகைக் கடைகளும் வருகின்றன. இரு முனைகளிலும் தமிழ் ஒலிக்கின்றது. ஆனால் ஒரு முனையிலே பேசுவோர் மறு முனையிலே பேசுவோரின் வீடுகளுக்கு வேலைக்குச் செல்வோராக இருக்கின்றனர். 'தமிழர்' என்னும் ஒரே சொல்லுக்குள் எத்துணை வேறுபாடுகள் மறைந்துள்ளன என்பதை விரிவுரை மண்டபத்திலே கற்றதைவிட அந்த ஒரு மணி நேரத்திலே தெளிவாகக் கற்றேன். இதனை வாடகைக் கார் காட்டாது. இதுவரையில் நண்பருடன் எமக்குப் பிணக்கில்லை.

பிணக்குத் தொடங்குவது, பஸ்ஸின் சிறப்பு அதன் மலிவிலே தங்கியுள்ளது என்று அவர் கூறுமிடத்திலேதான். மலிவு என்பது விலை பற்றிய சொல். பொது என்பது உரிமை பற்றிய சொல். இலக்கணகாரர் பொதுவெனவும் சிறப்பெனவும் பிரித்துரைப்பர்; எல்லாவற்றுக்கும் உரியது எதுவோ அதுவே பொது. அவ்வாறாயின், 'பொதுப் போக்குவரத்து' எனப்படுவது உண்மையிலே பொதுவானதா? மூன்று காட்சிகளை முன்வைக்கின்றேன்.

கொட்டாஞ்சேனையிலே ஒரு தரிப்பிடத்தில் நாம் நின்றபோது, அறுபது வயது கடந்த ஓர் அம்மா வந்து நின்ற ஒவ்வொரு பஸ்ஸையும் காட்டி, "மகள், இது ஆஸ்பத்திரிப் பக்கம் போகுமா?" எனக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எழுத்தறியாதவர் அல்லர். கையிலே தமிழ்ப் பத்திரிகை ஒன்று மடித்து வைத்திருந்தார். மூன்று மொழிகளிலும் பலகை தாங்கிய பஸ்கள் பல உண்டு என்பது மெய்யே. ஆயினும், அந்த அரை மணி நேரத்திலே வந்த பஸ்கள் சிலவற்றில் தமிழ் இருக்கவேயில்லை. வேறு சிலவற்றில் அது கண்ணுக்கெட்டாத சிற்றெழுத்தாக ஒரு மூலையிலே கிடந்தது. கொழும்பு மாநகர எல்லைக்குள் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து பாதிக்கு மேற்பட்டோர் ஆவர். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாகும். இருந்தும், தன் ஊரிலே தான் ஏறவேண்டிய பஸ்ஸை அறிய ஒரு மூதாட்டி பிறர் வாயை எதிர்பார்த்து நிற்கின்றார்.

இது இன்று தோன்றிய குறை அன்று. தனியார் கம்பனிகளின் கையிலிருந்த பஸ் சேவை 1958 ஜனவரி 1 ஆம் திகதி தேசியமயமாக்கப்பட்டு, இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. அதற்கு முன்னர் 1948, 1954, 1956 ஆகிய ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்ட மூன்று ஆய்வுகளும் அவ்வழியையே சுட்டியிருந்தன. அது ஒரு முற்போக்கான நடவடிக்கை என்பதில் ஐயமில்லை. ஆனால் மூன்று மாதங்கள் கழியுமுன்னரே, அதே சபையின் பஸ்கள் இலக்கத் தகட்டிலே சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைத் தாங்கியவாறு வடக்குக்கு அனுப்பப்பட்டன. அதனை எதிர்த்துத் தமிழர் அவ்வெழுத்தின் மீது தார் பூசியதும், தெற்கிலே தமிழ்ப் பெயர்ப் பலகைகள் தார் பூசப்பட்டதும், மே மாதத்து இனக்கலவரத்தை நோக்கி நாடு சென்றதும் வரலாறு. பஸ் பொதுச் சொத்தான அதே ஆண்டிலேயே, அப்பொதுவில் உனக்கு இடமில்லை என்று மக்களில் ஒரு பகுதியினருக்கு அந்த பஸ்ஸின் தகடே அறிவித்தது. இம்முரண்பாடு இன்னும் தீர்க்கப்படவில்லை என்பதற்கு அந்த அம்மாவின் வினாவே சான்று.

இரண்டாவது காட்சி காலி வீதியிலே நிகழ்ந்தது. நாம் ஏறிய தனியார் பஸ் ஒன்று ஒரு தரிப்பிடத்திலே நெடுநேரம் அசையாது நின்றது. பின்னர் இன்னொரு பஸ் கண்ணிற்பட்டதும் வெறிகொண்டதுபோல் ஓடத் தொடங்கியது. நாம் தமிழிலே முணுமுணுத்ததைக் கேட்ட நடத்துனர் இளைஞர், "தங்கச்சி, நேரத்துக்குப் போனா முதலாளிக்குக் குடுக்கக் காசு சேராது. பின்னால வாறவன் எல்லாரையும் ஏத்திருவான்" என்றார். 1979 இலே தனியாருக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டதன் பலன் அந்த இரு வசனங்களில் அடங்கியுள்ளது. பல பஸ்களிலே நாளாந்தம் குறித்த தொகையை உரிமையாளருக்குச் செலுத்திய பின் எஞ்சுவதே சாரதிக்கும் நடத்துனருக்கும் ஊதியம். ஆகவே அவர்கள் காத்து நிற்பதும் போட்டியிட்டு ஓடுவதும் குணக்கேட்டினால் அன்று, கூலிமுறையினாலேயே. நண்பர் 'விறுவிறுப்பான பயணம்' என வருணித்தது, நிலையான சம்பளமற்ற இரு தொழிலாளரின் பதற்றத்தையே. எமக்குக் கிடைத்த மலிவின் ஒரு பங்கை அவர்கள் செலுத்துகின்றனர்.

மூன்றாவது காட்சியை எழுதக் கை தயங்குகின்றது. எனினும் எழுதாது விடுதல் நேர்மையாகாது. மாலையிலே கந்தோர்கள் கலையும் நேரத்தில் நுகேகொடை நோக்கிச் சென்ற பஸ்ஸிலே நாம் நின்றவாறு பயணஞ் செய்தோம். 'உள்ளே போ, உள்ளே போ' என்ற குரலோடு மேலும் மேலும் ஆட்கள் ஏற்றப்பட்டனர். ஏறுமுன்னரே என் தோழி தன் பையிலிருந்து சட்டை ஊசி ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையிலே பிடித்துக்கொண்டாள். அதனைக் கொழும்பிலே வேலை செய்யும் அவளது அக்கா கற்றுக்கொடுத்தாராம். அப்பயணத்திலே அந்த ஊசிக்கு வேலை இருந்தது. அருகில் நின்ற கடைச் சிப்பந்திப் பெண்கள் இருவர் நடந்ததைப் பார்த்தனர், வியப்படையவில்லை. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017 இலே வெளியிட்ட ஆய்வின்படி, பொதுப் போக்குவரத்திலே பாலியல் தொந்தரவுக்கு உள்ளான பெண்கள் 90 வீதத்தினர். பொலிசாரின் உதவியை நாடியோர் 4 வீதத்தினரே. நண்பர் தமது பேச்சிலே நெரிசலை மக்களோடு மக்களாகக் கலக்கும் இன்பம் என்றார். அவ்வின்பம் ஆணாகப் பிறந்தோருக்கு மட்டும் உரியதாயின், அதற்குப் பொது என்னும் பெயர் எவ்வாறு பொருந்தும்?

இவற்றுக்கு ஒரு மறுமொழி கூறப்படலாம். சபை நட்டத்திலே இயங்கிற்று, ஊழலும் அரசியல்வாதிகளின் ஆள்நிரப்பலும் அதனைச் சீரழித்தன, தனியார் வராதிருந்தால் மக்கள் வீதியிலேயே நின்றிருப்பர் என்பது அது. சபையின் குறைகளை மறைக்க நாம் முன்வரவில்லை. ஆனால் நட்டம் என்பதை எதனைக்கொண்டு அளப்பது? இலாபமற்ற கிராமத்து வழியிலே ஓடுவதும், மாணவருக்குப் பருவச் சீட்டு வழங்குவதும் கணக்கேட்டிலே நட்டமாகத் தோன்றும். அந்த பஸ்ஸிலேயே படித்து வந்த எம்மிற் பலருக்கு அது நட்டமா? பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இலாபம் கேளாத நாம், அவ்விடங்களுக்கு எம்மை ஏற்றிச் செல்லும் வண்டியிடம் மட்டும் இலாபம் கேட்பது எந்த நியாயம்? மேலும், நண்பர் புகழும் மலிவுங்கூட நிலையானதன்று. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே இருபது ரூபாவுக்கும் குறைவாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம், எரிபொருள் நெருக்கடியினால் அவ்வாண்டு ஜூலையிலே 40 ரூபாவாயிற்று. ஒரு நாள் சுற்றுவோனுக்கு அது சில்லறை. நாள்தோறும் இரு பஸ்கள் மாறி வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கோ அது மாத வருமானத்தின் ஒரு கூறு.

நண்பரைப் புண்படுத்துவது எமது நோக்கமன்று. அவர் போன்ற நல்லுள்ளங் கொண்டோரே இத்தவறைச் செய்கின்றனர் என்பதே எமது கவலை. வறுமையின் கருவிகளை ஒரு நாள் இரவல் வாங்கி, அவற்றை அழகென வியந்து, மாலையிலே திருப்பிக் கொடுத்துவிடுவது கற்றோரின் பழக்கமாகிவிட்டது. மாட்டுவண்டியைப் பாடினோம், குடிசையைப் பாடினோம், இன்று பஸ்ஸைப் பாடுகின்றோம். பாடப்பட்டதனால் எக்குடிசையும் ஒழுகாது நின்றதில்லை.

ஆகவே, பஸ்ஸிலே செல்லுங்கள் என்றே நாமும் கூறுவோம். ஆனால் மலிவைத் தேடிச் செல்லவேண்டாம், கணக்குக் கேட்கச் செல்லுங்கள். ஒவ்வொரு பலகையும் மூன்று மொழிகளிலும் ஒரே அளவினதாக எழுதப்படல் வேண்டும். தனியார் பஸ்ஸிலும் சாரதிக்கும் நடத்துனருக்கும் மாதச் சம்பளம் உறுதியாக்கப்படல் வேண்டும். தரிப்பிடங்களில் நேர அட்டவணை இருத்தல் வேண்டும். பெண் ஒருத்தி ஊசியின்றி ஏறி இறங்குதல் வேண்டும். இவை கிடைக்கும்வரை 'பொது' என்பது பஸ்ஸின் பக்கத்திலே எழுதப்பட்ட வெறுஞ் சொல்லே.

அன்றிரவு எட்டரை மணியளவில் புறக்கோட்டையிலே ஊர் திரும்பும் பஸ்ஸுக்காகக் காத்து நின்றோம். எமது செலவு ஆளுக்கு முந்நூற்றிருபது ரூபா. நண்பர் கணக்கிலே ஏறத்தாழப் பிழையில்லை. தோழி ஊசியைத் துடைத்து மீண்டும் பைக்குள் வைத்தாள். அதனை அவர் தமது கணக்கிலே சேர்க்கவில்லை.